பொதிக்குதிரைக்கு வயதானால்

வட்டக்கானலில் வண்டிப் பாதை முடிந்து காலடிப் பாதை தொடங்குகிறது. டால்பின் நோஸ் பாறையைத் தாண்டி, மரவேர்களே படிகளாக, உருளைக் கற்களே தளமாக இறங்கிக்கொண்டே போனால் வெள்ளகவி. வீடுகளுக்கு நடுவில் கோயிலா, கோயில்களுக்கு நடுவில் வீடா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஊர். அதனால் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. வருகிறவர்களும் எல்லையிலேயே கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னும் கீழே நடந்தால் கும்பக்கரை, அதற்கப்பால் பெரியகுளம். பல தலைமுறைகளாகச் சாலை இல்லாமலே வாழ்ந்த ஊர் இது. விளைந்த காப்பியும் மிளகும் வெளியே போனது, அரிசியும் சோப்பும் உள்ளே வந்தது, எல்லாம் குதிரை முதுகிலும் ஆள் தலையிலும்தான். நோயாளி என்றால் டோலி.

இந்தப் பாதையில் ஒருமுறை என்னோடு இறங்கிய உள்ளூர்க்காரர் ஒருவர் காதில் இயர்போன் மாட்டியிருந்தார். கோடைப் பண்பலை, 100.5. பேச்சு எப்படியோ அவருடைய போனுக்கு வந்தது.

“இதுக்கு இனிமே அப்டேட் வராதாம்ணே. வச்சிருந்தா ஆபத்துன்னு பையன் சொல்றான். புதுசு வாங்கிரணுமா? புதுசுல ரேடியோவே இல்லீங்களே.”

பதிலுக்கு நான் ஒரு கேள்விதான் கேட்டேன். பொதி சுமக்கிற குதிரைக்கு வயதானால் என்ன செய்வீர்கள்?

“அதுக்கென்ன, மொதல்ல கனத்த மூட்டைய ஏத்தறத நிறுத்துவோம். அப்புறம் லேசா எதாச்சும் ஏத்துவோம். முடியலன்னா மேய விட்டுருவோம்.”

போன் விஷயத்தில் நான் சொல்ல நினைத்ததும் ஏறக்குறைய இதுதான். அப்டேட் நின்ற போனை வைத்திருப்பதா, தூக்கிப் போடுவதா என்று கேட்டால் சரியான விடை கிடைக்காது. அதன் முதுகில் இப்போது என்னென்ன மூட்டை இருக்கிறது, எதை முதலில் இறக்க வேண்டும் என்று கேட்க வேண்டும்.

அதற்கு முன், நின்றுபோனது எது என்று தெரிய வேண்டும். செட்டிங்ஸில் ‘அபௌட் போன்’ பகுதிக்குப் போனால் இரண்டு விவரம் இருக்கும். ஒன்று ஆண்ட்ராய்டு எத்தனையாவது பதிப்பு என்பது. மற்றது, ஓட்டைகளை அடைக்கும் பாதுகாப்புப் பேட்ச் எந்தத் தேதியோடு நிற்கிறது என்பது. எல்லோரும் முதல் எண்ணைப் பார்த்துக் கவலைப்படுகிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டாவதை. பதிப்பு பழையதாக இருந்தாலும் பேட்ச் தேதி சென்ற மாதத்தியது என்றால் போன் நல்ல காவலில் இருக்கிறது. பேட்ச் தேதி மூன்று வருடம் முந்தையது என்றால், காவல்காரர் மூன்று வருடம் முன்பே வீட்டுக்குப் போய்விட்டார்.

பேட்ச் மாதந்தோறும் வரும் வழக்கம் பிறந்த கதை ஒன்று உண்டு. 2015 ஜூலையில் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. வீடியோவைப் படிக்கும் ஆண்ட்ராய்டின் பகுதியில் இருந்த பிழை அது. திட்டமிட்டுக் கோணலாக்கிய வீடியோ ஒன்றை எம்எம்எஸ்ஸில் அனுப்பினால், போன்காரர் அதைத் திறக்காமலே உள்ளே நுழைந்துவிட முடியும் என்று கண்டுபிடித்தவர்கள் காட்டினார்கள். சுமார் 95 கோடி போன்கள் அந்த நிலையில் இருந்தன என்பது அவர்கள் போட்ட கணக்கு. அந்த அதிர்ச்சிக்குப் பிறகு 2015 ஆகஸ்டில் கூகுள் மாதந்தோறும் பேட்ச் வெளியிடத் தொடங்கியது.

இதில் ஒரு விபரீதம் இருக்கிறது. பேட்ச் வெளியாகும் அன்றே ஓட்டை எங்கே இருந்தது என்பதும் ஊரறிய வெளியாகிவிடும். பேட்ச் போட்டவர் தப்பித்தார். பேட்ச் வராத பழைய போனுக்கு அது திருடனிடம் கொடுத்த முகவரிச் சீட்டு. மாதம் ஒன்றாக இந்தச் சீட்டுகள் சேர்ந்துகொண்டே போகும். அப்டேட் நின்ற மறுநாள் காலையில் எதுவும் நடந்துவிடாது. மூன்றாம் வருடம் நடக்க வாய்ப்பு கூடுதல். அவ்வளவுதான் கணக்கு.

தயாரித்தவர்கள் ஏன் நிறுத்துகிறார்கள்? பேராசை ஒரு காரணம், மறுப்பதற்கில்லை. ஆனால் இன்னொரு காரணம் போனுக்குள்ளேயே இருக்கிறது. போனின் மூளையான சிப்பைச் செய்வது வேறு நிறுவனம். அந்தச் சிப்பை இயக்கும் மென்பொருளைச் சிப் நிறுவனம் திருத்திக் கொடுப்பதை நிறுத்திவிட்டால், போன் நிறுவனம் நல்லெண்ணம் கொண்டதாக இருந்தாலும் திணறும். நெதர்லாந்தின் ஃபேர்போன் நிறுவனம் 2015-ல் விற்ற ஃபேர்போன் 2-க்கு இதுதான் நேர்ந்தது. சிப் நிறுவனம் ஆண்ட்ராய்டு 6-ஓடு கைவிட்டுவிட்டது. ஃபேர்போன்காரர்கள் தாங்களே உழைத்து ஆண்ட்ராய்டு 10 வரை இழுத்து வந்து, 2023 மார்ச்சில்தான் விடை கொடுத்தார்கள். ஏழு வருடம். சிறிய நிறுவனத்தால் முடிந்தது பெரியவர்களால் ஏன் முடியவில்லை என்ற கேள்வி அப்போது பலமாகவே எழுந்தது.

பேட்ச் நிற்பது முதல் சாவுதான். போனுக்குப் பல சாவுகள் உண்டு, ஒவ்வொன்றும் தனித்தனி நாளில் வரும்.

இரண்டாவது, செயலிகள் கைவிடுவது. வாட்ஸ்அப் 2023 அக்டோபர் 24 முதல் ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழே உள்ள போன்களில் வேலை செய்வதை நிறுத்தியது. ஜியோபோனில் ஓடிய கைஓஎஸ்ஸுக்கு 2024 ஜூனில் புதிதாக இறக்கிக்கொள்ளும் வழியை அடைத்தது. கூகுளின் குரோம் 2025-ல் ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டுக்கும் விடை சொன்னது. உலாவி நின்றால் வங்கித் தளம், ரயில் டிக்கெட், ரேஷன் விவரம் எல்லாவற்றுக்கும் வாசல் பழுதாகிறது என்று பொருள். எனவே என் கணக்கில் பேட்ச் நிற்பதைவிட உலாவி நிற்பதுதான் பெரிய மணியோசை. பேட்ச் நின்ற பிறகும் குரோம், வெப்வியூ, பிளே புரொடெக்ட் போன்றவை பிளே ஸ்டோர் வழியே சில வருடம் புதிதாகிக்கொண்டிருக்கும். பாதிக் காவல் மிச்சமிருக்கும். அவையும் நின்றால் மிச்சம் எதுவுமில்லை.

மூன்றாவது, சான்றிதழ். இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஓர் இணையதளம் தான் சொல்லும் ஆள்தான் என்று நிரூபிக்க ஒரு சான்றிதழ் காட்டும். அந்தச் சான்றிதழை யார் கொடுத்தால் நம்பலாம் என்ற பட்டியல் போனுக்குள் இருக்கிறது. பட்டியல் பழையதானால், நல்ல தளத்தைக்கூட ‘பாதுகாப்பற்றது’ என்று போன் தள்ளிவிடும். உலகின் மிகப் பெரிய சான்றிதழ் வழங்குநர்களில் ஒன்றான லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த பழைய வேர்ச்சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-ல் காலாவதியானது. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்களுக்காகச் செய்த தற்காலிக ஏற்பாடும் 2024-ல் முடிந்தது. ஆனால் இந்த எச்சரிக்கை வந்தவுடன் பயந்துவிட வேண்டாம், முதலில் போனின் தேதியைப் பாருங்கள். சார்ஜ் இல்லாமல் பல நாள் கிடந்த போனில் கடிகாரம் பழைய வருடத்துக்குப் போயிருக்கும்; அப்போதும் இதே எச்சரிக்கைதான் வரும்.

நான்காவது, நெட்வொர்க். போன் திடகாத்திரமாக இருக்கும், பேசத்தான் ஆள் இருக்காது. தமிழ்நாட்டில் இதை அனுபவித்தவர்கள் ஏராளம். இங்கே பிறந்து இங்கே கோலோச்சிய ஏர்செல் 2018 பிப்ரவரியில் படுத்துவிட்டது. எண்ணை வேறு நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ள ஏப்ரல் 15 வரை அவகாசம் கிடைத்தது. சிக்னல் செத்த ஊர்களில், மாற்றிக்கொள்ளத் தேவையான குறியீட்டு எஸ்எம்எஸ்ஸை வாங்குவதே பெரும்பாடாகிவிட்டது. பிறகு 3ஜி அலைவரிசைகள் ஒவ்வொன்றாக அணைந்தன. 3ஜி வரை மட்டுமே தெரிந்த போன்கள் அதற்குப் பின் 2ஜிக்கு இறங்கிப் பேசுகின்றன. ஜியோவுக்கு 2ஜியே கிடையாது; அந்த சிம்மைப் போட்டால் இந்தப் போன்கள் ஊமை. மலைக்காரர்கள் போன் வாங்குமுன் தங்கள் ஊர்ப் பாறையில் எந்த நிறுவனத்தின் எந்த ‘ஜி’ எட்டுகிறது என்று கேட்டுக்கொள்வது கேமரா எத்தனை மெகாபிக்சல் என்பதைவிட முக்கியம்.

ஐந்தாவது பேட்டரி. இது சாவே இல்லை, பசி. ஆனால் சாவு என்று எண்ணி நல்ல போன்களைப் புதைத்தவர்கள் நிறையப் பேர். லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் கொள்ளளவு குறையும். 500 சுற்றில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும் என்பது பழைய ஐபோன்களுக்கு ஆப்பிளே சொல்லும் கணக்கு. தளர்ந்த பேட்டரி கொண்ட ஐபோன்கள் திடீரென்று அணைந்துவிடாமலிருக்க அவற்றின் வேகத்தை ஆப்பிள் சத்தமில்லாமல் குறைத்தது 2017 டிசம்பரில் வெளியே வந்தது. மன்னிப்புக் கேட்டு, 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுச் செலவை 29 ஆக்கினார்கள். போன் கிழடாகிவிட்டது என்று நினைத்தவர்கள் பேட்டரியை மாற்றியதும் அது பழையபடி ஓடியதைப் பார்த்தார்கள். கொடைக்கானலின் மார்கழி, தை இரவுகளில் பேட்டரியின் இந்தத் தளர்ச்சி இன்னும் கூடுதலாகத் தெரியும். குளிரில் பேட்டரிக்குள் மின்னோட்டத்துக்குத் தடை ஏறும், 30 சதவீதம் காட்டிக்கொண்டே போன் அணைந்துவிடும். சட்டைப்பையில் உடம்புச் சூட்டோடு வைத்திருந்தால் மறுபடி உயிர் வரும். ஆகவே ‘என் போன் முடிந்துவிட்டது’ என்று சொல்பவரிடம் நான் முதலில் கேட்பது பேட்டரி எப்போது மாற்றினீர்கள் என்றுதான்.

சரி, இனி மூட்டைகளை இறக்குவோம்.

முதல் மூட்டை பணம். ஜிபே, போன்பே, வங்கிச் செயலி. பேட்ச் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆன போனில் இவை இருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஆறு மாதம் என்பவர்களும் உண்டு, சண்டை போட மாட்டேன். யுபிஐ செயலி சிம்மோடும் போனோடும் சேர்த்துக் கட்டப்பட்டது. புதிய போனில் அதே சிம்மைப் போட்டுச் செயலியை நிறுவினால், அது ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்த்து, தன்னைப் புதிய போனோடு கட்டிக்கொள்ளும். யுபிஐ பின் எண் மாறாது. இதைச் சிக்னல் உள்ள இடத்தில், எஸ்எம்எஸ் அனுப்பக் காசு உள்ள சிம்மோடு செய்ய வேண்டும். பாதி வழியில் நின்றால் அன்று பால்காரருக்குக்கூடப் பணம் அனுப்ப முடியாது.

பணத்தை இறக்கினாலும் ஓடிபி மிச்சமிருக்கும். வங்கியில் பதிந்த எண்ணின் சிம் பழைய போனிலேயே இருந்தால், உள்ளே புகுந்தவன் ஓடிபியைப் படிப்பான். இதற்கு எளிய வழி, அந்த சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டுவிடுவது. 4ஜி பட்டன் போன்கள் மலிவு; 2023 ஜூலையில் ஜியோ பாரத் வந்தபோது அதன் விலை 999 ரூபாய். அதில் ஜியோ சிம் மட்டும்தான் ஏறும் என்பதை மறந்து வாங்கியவர்கள் திண்டாடினார்கள். பட்டன் போனிலிருந்தே பேசிப் பணம் அனுப்பும் யுபிஐ 123பே என்ற வழியையும் ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி வைத்திருக்கிறது. ஸ்மார்ட்போன் கையில் இல்லாதவரும் யுபிஐ உலகத்துக்கு வெளியே நிற்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. நம் ஊரில் பணம் இழப்பவர்களில் பலரும் பழைய ஆண்ட்ராய்டின் ஓட்டை வழியே இழப்பதில்லை. கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதம் என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தட்டித் தாங்களே நிறுவி இழக்கிறார்கள். அந்தக் கோப்பு நேற்று வாங்கிய 40,000 ரூபாய் போனிலும் அதே வேலையைத்தான் செய்யும். பிளே ஸ்டோருக்கு வெளியே எதையும் நிறுவாத ஒருவர் கையில் பழைய போன் இருப்பது, கண்டதைத் தட்டுகிறவர் கையில் புதிய போன் இருப்பதைவிடப் பத்திரம். பணம் போய்விட்டால் உடனே அழைக்க வேண்டிய எண் 1930. முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்திவைக்க முடியும்.

இரண்டாவது மூட்டை நினைவுகள். படங்கள், வாட்ஸ்அப் பேச்சுகள், தொடர்பு எண்கள். போன் உயிரோடிருக்கும்போதே இறக்க வேண்டியவை இவை. பணச் செயலியையாவது பிறகு மீட்கலாம், இறந்த பாட்டியின் குரல் செய்தியை மீட்க முடியாது. வாட்ஸ்அப்பில் 2023 முதல் ஒரு நல்ல வசதி இருக்கிறது. இரண்டு போனையும் பக்கத்தில் வைத்து க்யூஆர் குறியீட்டைக் காட்டினால், ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்குப் பேச்சுகள் நேரடியாகவே போகும். மேகத்தில் ஏற்றி இறக்க டேட்டா இல்லாத, சிக்னல் விட்டுவிட்டு வரும் மலைக்கிராமத்துக்கு இது மிகப் பொருத்தம். படங்களை மெமரி கார்டில் வைத்திருப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். கார்டைப் போனின் உள் நினைவகமாக மாற்றி வைத்திருந்தால், அதைக் கழற்றி இன்னொரு போனில் போட்டாலும் எதுவும் தெரியாது. முதலில் ஒரு பென் டிரைவிலோ கணினியிலோ நகல் எடுத்துவிட்டுத்தான் கார்டைத் தொட வேண்டும். கூகுள் கணக்குக்குள் நுழைய ‘நீங்கள்தானா?’ என்று கேட்கும் அறிவிப்பு பழைய போனுக்குத்தான் வரும் என்பதால், புதியதில் நுழைந்து முடித்த பிறகே பழையதை அணைக்க வேண்டும்.

இந்த இரண்டும் இறங்கிய பிறகு அந்தப் போன் என்ன செய்யும்? நிறையவே. வானொலி, டார்ச், அலாரம், கேமரா, மெமரி கார்டில் ஏற்றிய பாட்டு, நூல்கள். சிம் இல்லாமல், கணக்கு இல்லாமல், வைஃபை அணைத்து வைத்தால் எந்தத் திருடனுக்கும் அதில் வேலை இல்லை. ரேடியோவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர் வருத்தப்பட்டது அதற்குத்தான். எஃப்எம் கேட்க இணையம் வேண்டாம். இயர்போன் வயரே ஆன்டெனா. புதிய போன்களில் பலவற்றில் அந்த வயரைச் செருகும் துளையும் இல்லை, வானொலியும் இல்லை. பேரிடர் நேரத்தில் இது நஷ்டம் என்று உணர்ந்த மத்திய மின்னணு அமைச்சகம், எஃப்எம் வசதியை முடக்காமல் விடும்படி 2023-ல் தயாரிப்பாளர்களுக்கு அறிவுரை அனுப்பியது. 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் கொடைக்கானல் மலையைக் கடந்தபோது மரங்கள் பாதைகளில் விழுந்து மின்சாரம் துண்டானது. டவருக்கு மின்சாரம் இல்லாத இரவில் இணையத்தில் கேட்கும் வானொலி எதற்கு உதவும்? பழைய போனில் எஃப்எம் இருந்தால் அதை விற்காதீர்கள். விற்றாலும் சில நூறு ரூபாய்தான் கிடைக்கும்.

ஆண்ட்ராய்டையே மாற்றிப் போட்டால் என்ன என்று கேட்கும் இளைஞர்கள் உண்டு. லீனியேஜ்ஓஎஸ் போன்ற தன்னார்வலர் பதிப்புகள் தயாரிப்பாளர் கைவிட்ட போன்களுக்குப் புதிய ஆண்ட்ராய்டைக் கொடுக்கின்றன. அதே போன்ற சயனோஜென்மாட் என்ற முந்தைய பதிப்பு மூடப்பட்ட 2016 டிசம்பரில் அதன் வாரிசாகப் பிறந்தது லீனியேஜ்ஓஎஸ். நல்ல வேலை, நானும் செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் அதை ஏற்றுவதற்காகப் போனின் மென்பொருள் பூட்டைத் திறக்கும்போது போனில் உள்ளது எல்லாம் அழியும், சிப் நிறுவனம் மட்டுமே திருத்தக்கூடிய அடிப்பகுதி ஓட்டைகள் அப்படியே கிடக்கும், பல வங்கிச் செயலிகள் பூட்டுத் திறந்த போனில் ஓட மறுக்கும். இன்னொரு போன் கையில் இருப்பவர் செய்து பார்க்க வேண்டிய விளையாட்டு இது. வீட்டுக்கு ஒரே போன், அவசரத்துக்கு அதில்தான் டோலிக்கும் ஆம்புலன்ஸுக்கும் சொல்ல வேண்டும் என்றால், அதில் கை வைக்காதீர்கள்.

புதிது வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு கணக்கு. ‘ஆறு வருட அப்டேட்’ என்று பெட்டியில் போட்டிருந்தால், அது நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. பண்டிகைத் தள்ளுபடியில் பாதி விலைக்குக் கிடைக்கும் மாடல் வந்து இரண்டு வருடம் ஆகியிருக்கும். விலையை மிச்சமுள்ள வருடங்களால் வகுத்துப் பாருங்கள். 12,000 ரூபாய்க்கு இரண்டு வருடம் என்றால் வருடத்துக்கு 6,000. 18,000 ரூபாய்க்கு ஆறு வருடம் என்றால் வருடத்துக்கு 3,000. கூகுள் 2023-ல் பிக்சல் 8-லிருந்தும், சாம்சங் 2024-ல் கேலக்ஸி எஸ்24-லிருந்தும் ஏழு வருடம் தருவதாக அறிவித்தன. விலை உயர்ந்த போன்களில் தொடங்கிய இது மெல்லக் கீழே இறங்குகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் கொடுக்க வேண்டும் என்று சட்டமே போட்டுவிட்டது. இங்கே 2022 டிசம்பர் 24-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம்.

பழைய போனாகவே இன்னொன்றை வாங்குவதும் தவறில்லை. *#06# அழுத்தினால் ஐஎம்இஐ எண் வரும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது திருட்டுப் போன் என்று முடக்கப்பட்டதா என்று பதில் வரும். காசு கொடுக்கும் முன் அனுப்புங்கள்.

தன் விருப்பத்துக்கு முடிவெடுக்க முடியாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். நூறு நாள் வேலையில் தொழிலாளர்களைக் காலையும் மாலையும் படமெடுத்து ஏற்றும் வருகைப்பதிவுச் செயலி 2023 ஜனவரி 1 முதல் நாடெங்கும் கட்டாயமானது. படமெடுப்பது பணித்தளப் பொறுப்பாளரின் சொந்தப் போனில்தான். செயலி புதிய ஆண்ட்ராய்டைக் கேட்டால் அவரும் புதிய போனுக்குப் போக வேண்டும். படம் ஏறவில்லை என்றால் அன்றைய கூலியே கேள்விக்குறி. அங்கன்வாடிகளிலும் இதுதான். அரசு கொடுத்த போன்களில் போஷன் டிராக்கர் செயலி ஓடத் திணறுகிறது என்று 2021-ல் மகாராஷ்டிர அங்கன்வாடி ஊழியர்கள் போன்களைத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். இரண்டாயிரம் ரூபாய் செலவழிப்பதற்கு நாலு முறை யோசிக்கும் வீட்டில், போனின் ஆயுளைத் தீர்மானிப்பது யாரோ ஓர் அலுவலகத்தில் செயலியைப் புதுப்பிப்பவர். ஊராட்சியில் இதை ஒரு தீர்மானமாக எழுதிக் கேட்கலாம். செயலி கட்டாயமென்றால் போனும் அரசின் செலவு என்று.

போனை வேறொருவருக்குக் கொடுப்பதாக இருந்தால், முதலில் செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்கிவிட்டுப் பிறகு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால், வாங்கியவரிடம் உங்கள் கடவுச்சொல்லைக் கேட்டுப் போன் அடம்பிடிக்கலாம். நீங்கள் மதுரையில், அவர் மலையில், நடுவில் அந்தப் போன் வெறும் செங்கல்.

யாருக்கும் ஆகாத போனைக் குப்பையில் போடாதீர்கள், ஓடையில் எறியவே எறியாதீர்கள். மலைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடிகள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரிந்து, 2001 மார்ச்சில் ஆலை மூடப்பட்டது. பாதரசக் கழிவு சுமார் 290 டன் 2003-ல் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. ஆலை நின்றது பாம்பார் சோலையின் விளிம்பில்; பாம்பாற்று நீர்தான் கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. போனில் பாதரசம் இல்லை, ஆனால் நசுங்கிய லித்தியம் பேட்டரி தானே தீப்பிடிக்கும், எரிந்தால் வரும் புகை நஞ்சு. பேட்டரி உப்பி, பின்மூடி தூக்கிக்கொண்டு நிற்கும் போனைச் சார்ஜில் போடாதீர்கள், அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள். ஒரு தகர டப்பாவில் காய்ந்த மணல் போட்டு, அதில் வைத்து, வீட்டுக்கு வெளியே மழை படாத இடத்தில் வையுங்கள். 2023 ஏப்ரல் 1-ல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி, விற்ற நிறுவனங்கள்தான் கழிவுக்கும் பொறுப்பு. அங்கீகரிக்கப்பட்ட சேவை மையத்தில் கேட்டால் எங்கே கொடுப்பது என்று சொல்வார்கள்.

வெள்ளகவியிலிருந்து சேவை மையம் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமைக் கொடைக்கானல் சந்தைக்கு மேலே ஏறுகிறவர் யாராவது இருப்பார். ஊரில் நாலைந்து வீட்டு டப்பாக்களைச் சேர்த்து ஒரே நடையில் கொடுத்தனுப்பலாம். மிளகு மூட்டையோடு சேர்த்துக் கட்டாமல், தனிப் பையில்.